பகான் பெருமாள் கோயிலுக்கு ஒரு மார்கழிப் பயணம்

முதல் நாள், டிசம்பர் 20, 2019

ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன் நான், வயது ஐம்பதை நெருங்குகிறது, பர்மாவின் பழைய தலைநகரான பகானுக்கு இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் ஆனந்தா கோயில், ஷ்வேசிகோன், ஆற்றங்கரையில் சாப்பாடு, அவ்வளவுதான், திரும்பிவிட்டோம். பழைய பகானின் கோட்டைச் சுவருக்குள்ளேயே ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பேச்சாகவே இருந்ததில்லை.

பேச்சை எடுத்தது பெரியப்பா. அவருக்கு 76 வயது. மார்கழி முப்பது நாளும் விடிவதற்கு முன்பே குளித்து, அனோரதா சாலையில் இருக்கிற வரதராஜப் பெருமாள் கோயிலில் போய்த் திருப்பாவை சேவித்தால்தான் அவருக்கு அன்றைக்குக் காப்பி இறங்கும். அப்படிப்பட்டவர் மார்கழி பிறந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "பகானுக்கு டிக்கெட் போடுப்பா" என்றார். பொங்கல் முடியட்டுமே பெரியப்பா, குளிர் குறையுமே என்றேன். "மார்கழியிலே பெருமாளைப் பார்க்கப் போறதுக்கு நாள் பார்க்கணுமா?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இப்போது அவுங் மிங்கலா பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ராத்திரி வண்டி, விடிகாலையில் நியாங்ஊவில் இறக்கிவிடுவார்கள். பெரியப்பா குரங்குக் குல்லா போட்டு, லுங்கிக்கு மேல் இன்னொரு லுங்கியைச் சால்வை மாதிரி போர்த்திக்கொண்டிருக்கிறார். மடியில் ஒரு பை. வீட்டுத் தொட்டியில் பறித்த துளசியை ஈரத்துணியில் சுற்றி, அதை வாழையிலைக்குள் வைத்து நூல் கட்டி எடுத்து வந்திருக்கிறார். பையைக் கீழே வைக்கச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

இரண்டாம் நாள், டிசம்பர் 21

வண்டியில் ஏசியை ராத்திரி முழுக்க நிறுத்தவே இல்லை, சொல்லியும் பயனில்லை, இரண்டு பேரும் தூங்கவில்லை. இறங்கியதும் ஒரு டீக்கடையில் சூடாக லப்பெயே குடித்த பிறகுதான் பேச்சே வந்தது. விடுதியில் பையைப் போட்டு, வெந்நீரில் குளித்து, பெரியப்பா வேட்டி கட்டித் திருமண் இட்டுக்கொண்டு தயாராகிவிட்டார். குதிரை வண்டி பிடித்தோம். வண்டிக்காரத் தம்பியிடம் கோயிலின் பர்மியப் பேரை, நாத்லவுங் சாவுங் என்று, சொன்னதும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பெய்த்தனோ கோயிலா?" என்று கேட்டார். பெய்த்தனோ என்றால் பர்மிய மொழியில் விஷ்ணு. பெரியப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

பகானிலேயே உயரமான தபின்யூ கோயிலுக்குக் கொஞ்சம் மேற்கே, மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. தபின்யூவைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னதாகத்தான் தெரியும். சதுரமான செங்கல் கட்டடம், மேலே படிப்படியாகக் குறுகும் தளங்கள், உச்சியில் சிகரம். கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை, பலிபீடம் இல்லை. கிழக்கு வாசலுக்கு முன்னால் ஒரு காலத்தில் முகமண்டபம் இருந்திருக்கிறது, இப்போது இல்லை. இன்று நிற்பது மூலக்கட்டடமும் அதன் மேல்பகுதியும் மட்டும்தான்.

இந்தக் கோயிலின் வயதில் ஒருமித்த கருத்து கிடையாது. பத்தாம் நூற்றாண்டில் தவுங்துஜி என்ற அரசன் காலத்தில் கட்டியது என்று ஒரு வழக்கு உண்டு, 1044 முதல் 1077 வரை ஆண்ட அனோரதா காலத்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் வருஷத்தை ஒட்டியது. பகானில் இன்று மிஞ்சியிருக்கிற 3,500க்கும் மேற்பட்ட சின்னங்களில் இந்துக் கோயில் என்று முழுசாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். இந்த வருஷம் ஜூலையில்தான் பகானை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாத் என்றால் பர்மியர்கள் கும்பிடுகிற காவல் தெய்வங்கள், சாவுங் என்றால் மடம். நாத்களை அடைத்து வைத்த மடம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். அனோரதா அரசன், தெற்கே மொன் மக்களின் நாடான தட்டோனிலிருந்து வந்த ஷின் அரஹன் என்ற பொங்ஜியின், அதாவது புத்த பிட்சுவின், உபதேசத்தால் தேரவாத பௌத்தத்தைத் தழுவியதும், நாட்டில் இருந்த மற்ற தெய்வச் சிலைகளை எல்லாம் கொண்டுவந்து இதற்குள் போட்டுப் பூட்டினான் என்பது கதை. கதையைக் கேட்டதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பூட்டினான், இடிக்கல பாரு" என்றார். அது எனக்கும் பட்டது. ஊரைச் சுற்றிப் புத்தர் கோயிலாக எழுப்பிய அரசர்கள், தங்கள் கோட்டைக்குள் இருந்த பெருமாளை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

உள்ளே போனால் நம் ஊர்க் கோயில் அமைப்பு கிடையாது. இருட்டான கருவறை, அதற்குள் மூலவர் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியாது. நடுவில் மேற்கூரை வரைக்கும் போகிற பெரிய சதுரத் தூண், அதன் நான்கு பக்கத்திலும் பெருமாள், தூணைச் சுற்றி வர ஒரு நடை. சுற்றி வந்தால் தரிசனமும் ஆயிற்று, பிரதட்சிணமும் ஆயிற்று. கிழக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய மாடத்தில்தான் கருடன் மேல் அமர்ந்த பெருமாள் இருந்தாராம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் அதை எடுத்துப் போய்விட்டார், இப்போது பெர்லினில் இருக்கிறது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பெரியப்பா அந்த மாடத்தின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார்.

தூணில் இருக்கிற பெருமாள்கள் செங்கல்லில் கட்டிச் சுதை பூசியவை. சுதை பல இடத்தில் உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. ஒருவருக்கு முகமே தேய்ந்து போய்விட்டது, ஆனால் நிற்கிற நிலையைப் பார்த்தாலே இது யார் என்று தெரிந்துவிடும். நிமிர்ந்து, அசையாமல், நான்கு கையோடு.

நிமிர்ந்து மேலே பாருங்கள், போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஊரில் பெரிய கோயில்களில் கல் விட்டத்தைப் படுக்க வைத்துத்தான் கூரை போடுவார்கள், வளைவு இருக்காது. இங்கே செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, உச்சியில் கூர்மையாகச் சேரும்படி உண்மையான வில் வளைவு கட்டியிருக்கிறார்கள். பகான் கொத்தனார்களின் கைவரிசையே இதுதான். செங்கல் நம்முடையதைவிட அகலம், தட்டை. இரண்டு கல்லுக்கு நடுவில் மண்சாந்துதான், அதுவும் என் விரல் நகம் நுழையாத அளவுக்கு ஒட்டியிருக்கிறது, நான் வைத்துப் பார்த்தேன். 1975 ஜூலையில் வந்த பெரிய பூகம்பத்தில் பகானில் நிறையக் கோயில்கள் இடிந்தன, 2016 ஆகஸ்டில் மறுபடி ஒன்று. இதையும் செப்பனிட்டிருக்கிறார்கள், புதுச் செங்கல் நிறத்தில் தெரிந்துவிடுகிறது. பழையது கருஞ்சிவப்பு, புதியது கொஞ்சம் ஆரஞ்சு.

வெளிச்சுவரில் தசாவதாரம். பத்தில் ஏழுதான் மிச்சம். பெரியப்பா ஒவ்வொன்றாகக் கிட்டே போய்ப் பார்த்து, இது வராகம்தான், இது நரசிம்மம், பார் சிங்க முகத்தை என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்தக் கோயிலில் ஒன்பதாவது அவதாரம் புத்தர். நம் வழக்கத்தில் பலராமரைச் சேர்த்து எண்ணுவோமே என்றேன். "அவங்க ஊரு, அவங்க கணக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நித்திய பூஜை கிடையாது. பட்டர் கிடையாது, மணி கிடையாது, தளிகை கிடையாது. அதற்காக யாருமே கும்பிடுவதில்லை என்று நினைக்க வேண்டாம். நாங்கள் இருக்கும்போதே கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பர்மிய அம்மா வந்து, கையில் இருந்த பூவை மாடத்தில் வைத்து, முட்டி போட்டு மூன்று தரம் நெற்றி தரையில் பட வணங்கிவிட்டுப் போனார். புத்தரை வணங்குகிற அதே முறை. பெரியப்பா வாழையிலையைப் பிரித்தார். துளசி வாடவில்லை. நான்கு பக்கத்துக்கும் நான்கு பிரித்து வைத்தார். அப்புறம் கிழக்கு மாடத்துக்கு எதிரில் நின்று அன்றைய பாசுரம், மார்கழி ஐந்து, 'மாயனை' சேவித்தார். அவருக்குக் குரல் முன்பு மாதிரி இல்லை, மேலே போகும்போது உடைகிறது. ஆனால் அந்த வளைவுக்குள் சத்தம் சுற்றி வந்து நான்கு பக்கத்திலிருந்தும் கேட்டது. குதிரை வண்டிக்காரத் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். பாசுரம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள், டிசம்பர் 22

இன்று மியின்கபா. பழைய பகானுக்குத் தெற்கே இருக்கிற கிராமம், அரக்குப் பாத்திர வேலைக்குப் பேர் போனது. நாங்கள் போனது அதற்காக இல்லை. இந்த ஊரில்தான் பகான் பெருமாள் கோயில் ஒன்றைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது.

அது 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. தொடக்கத்தில் முகுந்தமாலையிலிருந்து ஒரு சமஸ்கிருத சுலோகம், கிரந்த எழுத்தில். முகுந்தமாலை குலசேகராழ்வார் செய்தது, பிறவிதோறும் உன் திருவடி மறவாமை வேண்டும் என்று கேட்கிற தோத்திரம். சுலோகத்துக்குக் கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதையர்பட்டணத்தைச் சேர்ந்த ஒருவர், அவர் பேரும் குலசேகர நம்பி, புக்கம் ஆன அரிவத்தனபுரத்து நானாதேசி விண்ணகராழ்வார் கோயிலுக்குத் திருமண்டபம் செய்து, திருக்கதவு போட்டு, அந்த மண்டபத்தில் நின்றெரிகைக்கு ஒரு நிலைவிளக்கும் வைத்தார். புக்கம் என்பது பகான். அரிவத்தனபுரம் என்பது அரிமர்த்தனபுரம், பகானின் பழைய பட்டப்பெயர். மலைமண்டலம் இன்றைய கேரளம், மகோதையர்பட்டணம் கொடுங்கல்லூர்ப் பக்கம். நானாதேசி என்பது பல தேசத்துக்கும் போய் வியாபாரம் செய்த வணிகர் கூட்டம், அவர்கள் பேரிலேயே விண்ணகரம். சேர நாட்டு வியாபாரி, தமிழில் கல் வெட்டி, ஆழ்வார் சுலோகத்தைத் தலையில் வைத்து, ஐராவதி ஆற்றங்கரையில் பெருமாளுக்குக் கதவு போட்டிருக்கிறார்!

அந்த விண்ணகரம் நேற்று பார்த்த கோயில்தானா என்றால், பலர் ஆமாம் என்கிறார்கள், கல் கிடைத்தது மியின்கபாவில் என்பதால் வேறு கோயிலாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. எனக்கு நேற்று அந்தக் கிழக்கு வாசலில், இல்லாமல் போன முகமண்டபத்தின் இடத்தில் நின்றபோது, இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு சொன்னது. இது என் மனசு சொன்னது மட்டும்தான்.

கல்வெட்டு வாசகத்தைப் போனில் வைத்திருந்தேன். ஊர் நடுவில் ஒரு புளியமரத்தடி டீக்கடையில் உட்கார்ந்து பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். 'நிலைவிளக்கு ஒன்றும் இட்டேன்' என்ற இடத்தில் நிறுத்தினார். பிறகு கடைசிவரை படித்தார், 'குலசேகர நம்பியேன்'. "இட்டேன்னு போட்டிருக்கானே, நம்பியேன்னு போட்டிருக்கானே, நேரா நம்மகிட்ட பேசற மாதிரி இல்ல?" என்றார். உண்மைதான். இன்னார் செய்தார் என்று யாரோ எழுதி வைத்தது மாதிரி இல்லை, எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஆள் தன் வாயால் நான் வைத்தேன் என்கிறார்.

ரங்கூன் தமிழர்கள் நாங்கள் எங்கள் கதையை எங்கிருந்து தொடங்குவோம்? வெள்ளைக்காரன் காலம், கப்பல், அரிசி ஆலை, செட்டியார் கிட்டங்கி. கோயில் என்றால் 1871இல் கட்டிய காளியம்மன் கோயில். என் பிள்ளைகளுக்கும் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் கொள்ளுத்தாத்தா காலத்தில் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் குலசேகர நம்பியின் வம்சம் என்று சொல்ல வரவில்லை, அது பொய்யாகிவிடும். ஆனால் இந்த மண்ணில் தமிழ் எழுத்துக்கு இத்தனை வயது என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை ஒரு பாடமாகக்கூடச் சொல்லித் தராமல் ஐம்பது வயது வரைக்கும் நானே கடத்தியிருக்கிறேன் என்பது எனக்கு வலிக்கிறது.

அதே ஊரில் மனுஹா கோயில், பக்கத்திலேயே நன்பயா. மனுஹா தட்டோனிலிருந்து சிறைப்பிடித்து வரப்பட்ட மொன் அரசன். அவன் கட்டிய கோயிலில் புத்தர் சிலைகள் கட்டடத்துக்குள் நெருக்கியடித்து இருக்கின்றன, மூச்சு முட்டுகிற மாதிரி. நன்பயா அதைவிட எனக்கு முக்கியம். செங்கல் சுவருக்கு மேல் மணற்கல் போர்த்தி, கல்லிலேயே துளைபோட்ட சாளரங்கள் வைத்திருக்கிறார்கள். உள்ளே நான்கு கல்தூண், தூண்களில் பிரம்மா. மூன்று முகம் தெரிகிறது, நான்காவது பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு கையிலும் தாமரை. சாளரத்துத் துளை வழியாக வெளிச்சம் பொடிப்பொடியாக விழுந்து ஒரு பிரம்மாவின் கன்னத்தில் மட்டும் நின்றது. அவ்வளவு நுணுக்கமான வேலையைப் பகானில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஷ்வேசிகோன். அனோரதா தொடங்கி, அவனுக்குப் பின்னால் ஆண்ட சான்சித்தா முடித்த பகோடா. நாத் வழிபாட்டை ஒழிக்க முடியாமல் அனோரதா கடைசியில் 37 நாத்களையும் இந்த வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்து, அவர்களுக்குத் தலைவனாகத் தஜ்யாமினை வைத்தான் என்பார்கள். தஜ்யாமின் வேறு யாருமில்லை, நம் இந்திரன். சரஸ்வதிக்கு இங்கே தூரததி என்று பேர், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் கும்பிடுவார்கள், கையில் வீணைக்குப் பதில் திரிபிடகம். பிள்ளையார் மஹாபெய்ன்னே. சிவன் பரமித்வா. சின்ன வயசில் பர்மியக் கூட்டாளிகள் வீட்டில் தூண் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் தொங்குவதைப் பார்த்து இது என்ன என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அது வீட்டுக் காவல் நாத்துக்கு, மஹாகிரிக்கு. நாம் தேங்காயை உடைத்துக் கொடுக்கிறோம், அவர்கள் உடைக்காமல் குடியிருக்கக் கொடுக்கிறார்கள்.

நான்காம் நாள், டிசம்பர் 23

போப்பா மலைக்குப் போவதாகத்தான் திட்டம். பெரியப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, 777 படி என்று சொல்கிறார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் வருத்தப்படவே இல்லை. "அப்ப மறுபடி பெருமாள்கிட்டயே போயிடலாம்" என்றார்.

இந்தத் தடவை வெயில் சாய்கிற நேரம். ஆட்கள் யாருமில்லை. நாங்கள் வைத்த துளசி அங்கேயே இருந்தது, காய்ந்து சுருண்டு. பக்கத்தில் யாரோ புதிதாக ஒரு தாமரை மொட்டு வைத்திருந்தார்கள்.

விளக்கு ஏற்றலாமா என்று எனக்கு ஆசைதான். பாதுகாக்கிற சின்னம், புகை பட்டால் சுதைக்குக் கெடுதி, அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெரியப்பா கிழக்கு வாசலில், மண்டபம் இருந்த இடத்தில், தரையைக் கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பர்மாவின் கடைசி அரசன் 1885இல் நாடு கடத்தப்படும் வரைக்கும் அரண்மனையில் நாள் பார்க்கவும் முடிசூட்டுச் சடங்கு செய்யவும் பொன்னா என்று அழைக்கப்பட்ட பிராமணர்கள் இருந்தார்கள், சான்சித்தா அரண்மனை கட்டியபோது நாராயணனுக்குப் பூஜை நடந்ததை மொன் மொழிக் கல்வெட்டு சொல்கிறது, இதையெல்லாம் நான் படித்ததை அவருக்குச் சொன்னேன். ஓ, ஓ என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அந்த விளக்குக்கு எண்ணெய் யாரு ஊத்தியிருப்பா?" என்று மட்டும் கேட்டார். கல்லில் அது இல்லை, பெரியப்பா.

டிசம்பர் 24, காலை

ஐந்து மணிக்கு ரங்கூன் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குப் போகலாம், கொஞ்சம் படுக்கலாம் என்றால் கேட்கவில்லை, டாக்சியை நேராகக் கோயிலுக்கு விடச் சொன்னார். அனோரதா சாலை வழியாகப் போனோம். பூட்டிப் போட்ட அரசன் பேரில் சாலை, அதே சாலையில் காளியம்மன், அதே சாலையில் வரதராஜப் பெருமாள். மார்கழி எட்டு, 'கீழ்வானம்' தொடங்குவதற்குள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார், நான் பைகளோடு பின்னால் ஓடினேன்.

சேவை முடிந்து பொங்கல் பிரசாதம் வாங்கிக்கொண்டு கோஷ்டியில் உட்கார்ந்தவர்களிடம் பெரியப்பா பேச ஆரம்பித்தார், மண்டபம், கதவு, விளக்கு, இட்டேன். பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி. இப்போதே பதினொரு பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள், தை மாதம் ஒரு வேன் எடுக்கலாம் என்று பேச்சு. கல்வெட்டு வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுக்க வேண்டுமாம், பிள்ளைகள் அந்த வாசலில் நின்று படிக்க வேண்டுமாம். அந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கணும் என்று கெடுவும் வைத்திருக்கிறார்.